வட்டம் இல்லாத காசு

சிவமயம்



திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பர் சுவாமிகளுக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளிய வரலாறு நாம் அறிந்ததே. அப்பர் மடத்தில் நேரத்தோடு அமுது தயாராகிவிடும். சம்பந்தர் மடத்திலோ தாமதம். விசாரித்தால், அவருடைய காசுக்குக் கடைக்காரர் வட்டம் கேட்கிறார்களாம்! அப்பர் கைத்தொண்டு செய்தவர், அதனால் அவர் காசில் குறைவில்லை என்கிறார் சேக்கிழார். கணக்காளனாகிய எனக்கு இந்த வரலாற்றில் தனிப் பிரியம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள அமானா ஊர்களைப் பற்றி வாசித்தபோது இந்தக் காசுதான் நினைவுக்கு வந்தது. ஜெர்மனியில் 1714இல் தோன்றிய ஒரு கிறிஸ்தவ பக்திச் சபையார் அமைத்த ஊர்கள் அவை. சத்தியப்பிரமாணம் செய்யவும் படையிற் சேரவும் மறுத்ததால் துன்புறுத்தப்பட்டு, 1840களில் கப்பலேறியவர்கள் அவர்கள். அகதிகள் என்றுதான் சொல்லவேண்டும். 1855 தொடக்கம் அயோவாவில் குடியேறி 7 ஊர்களையும் சுமார் 26,000 ஏக்கர் நிலத்தையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். வேலையை மூப்பர்கள் பகிர்ந்தளித்தார்கள். சம்பளம் கிடையாது. ஆண்டுதோறும் ஊர்க் கடையில் அவரவர் பெயரில் ஒரு தொகை வரவு வைக்கப்படும், அவ்வளவுதான். கிழமைக்கு 11 வழிபாடுகள்.

வீடுகளில் சமையல் இல்லை. 50க்கு மேற்பட்ட பொது அடுக்களைகளில், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது பேருக்கு உலை ஏறும். பள்ளிப் படிப்பு முடிந்த பெண்பிள்ளைகள் பதினான்கு வயதளவில் அங்கே வேலைக்கு வந்துவிடுவார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, தோட்ட வேலை, பாத்திரம் கழுவுதல் எல்லாம் பெண்கள் தலையில்தான். அது நியாயமென்று நான் சொல்லமாட்டேன். ஆண்களும் பெண்களும் வெவ்வேறு மேசைகளில் பேசாமல் உண்பார்கள். (நமது அன்னதான மண்டபத்தில் இதைக் கற்பனை செய்து பாருங்கள்!)

காலப்போக்கில் குடும்பங்கள் அடுக்களையிலிருந்து சாப்பாட்டைக் கூடையில் வாங்கிப்போய் வீட்டிலே உண்ணத் தொடங்கின. 1923இல் ஆலைகளில் பெருந்தீ. பிறகு பணமுடை. 1932இல் பொதுவாழ்வைக் கைவிட்டு, தொழில்களைப் பங்குக் கம்பனியாக்கினார்கள். அடுக்களைகள் மூடப்பட்டன, சபை மட்டும் நிலைத்தது. தீயையும் பணமுடையையும் எந்தக் கணக்காளனும் காட்டிவிடுவான். எனக்கென்னவோ அந்தக் கூடையிலேதான் கண் நிற்கிறது.

நமது கோயில் ஐந்தொகையை எழுதுபவன் நான். அர்ச்சனைச் சீட்டு, உண்டியல், உபயம் எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. கிடாரம் தேய்த்த கைகளுக்கு ஒரு வரியும் இல்லை. உபயக் காசைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதப் பார்சலோடு நான் புறப்பட்டபோது, வழமையான அந்த மூன்று அக்காமாரும் அடுக்களையில் அடிப்பிடித்த கிடாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, கணக்கெல்லாம் சரியே?" என்றார் ஒருவர்.

சரியென்று சொல்ல வாய் வரவில்லை. வருகிற வெள்ளி பார்சல் வாங்காமல் அடுக்களைக்குப் போகிறேன். இன்னும் இரண்டு பேர் கைகொடுத்தால் ஒன்பது மணிக்குள் கழுவி முடித்துவிடலாம்.