மலை மாறினால் யார் பொறுப்பு?

லுணுகலையை அடுத்த மடுல்சீமையில் 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூளாய்த் தென்பட்ட பங்கசு, ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த மலைகளில் தேயிலை ஏறியது. அழித்தலும் இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்று, மாற்றமே இயற்கை, பிறகு கோப்பிக்காகக் காடழிந்ததற்கு ஏன் வருந்தவேண்டும் என்று கேட்கலாம். ஆனால் பங்கசுக்குத் தெரிவு இல்லை. பல்வகை மரங்கள் நின்ற காட்டை வெட்டி, மலை முழுதும் ஒரே பயிரை நட்டுப் பங்கசுக்கு வழி திறந்த தோட்டத் துரைமாருக்கு அது இருந்தது. உயிர்களை ஒன்றோடொன்று பழக்கப் பரிணாமம் நெடுங்காலம் எடுக்கிறது. கோடரிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அப்படியானால் மனிதர் தொடாத காடு மட்டும்தான் புனிதமா? இல்லை. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தேயிலைச் சரிவிலேயே மாரியம்மனை நிறுவினார்கள். அவர்கள் உழைத்த மண்ணும் வணக்கத்துக்குரியதே. ஆனால் அந்த மண்ணில் எது நிற்கலாம் என்று தீர்மானிப்பது கம்பனிகளும் அரசும். ஓடைக்கரைகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் காட்டுக்குக் கணக்குக் கேட்கவேண்டியது அவர்களிடம், கொழுந்து பறிப்பவர்களிடம் அல்ல.