முன்னேற்றத்தின் செலவு யாருடையது?

சமுதாயம் முழுவதற்கும் நன்மை பயக்கும் ஒரு மாற்றத்தின் செலவை ஏற்க வேண்டியவர் யார்? அறவியலின் இப்பழைய வினாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொலைக்காட்சி வரலாறு புதிய வடிவில் எழுப்பியது. அந்நாட்டின் முழுத்திறன் நிலையங்கள் அனலொக் முறையைக் கைவிட்டு இலக்கமுறை ஒளிபரப்புக்கு மாறுவதற்கான இறுதி நாள் 2009 ஜூன் 12 ஆகும். இதனால் விடுபட்ட அலைவரிசைகளில் ஒரு பகுதி அவசர சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டது. பிறிதொரு பகுதி 2008இல் ஏலத்தில் விற்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 1,900 கோடி டொலரை ஈட்டித் தந்தது.

ஆயின், அன்டெனாவை மட்டுமே நம்பியிருந்தோரின் பழைய பெட்டிகள் இயங்குவதற்கு மாற்றிக் கருவி ஒன்று தேவைப்பட்டது. அதனை வாங்குவதற்கென அரசு, வீடொன்றுக்கு இரண்டுவரை, 40 டொலர் பெறுமதியான கூப்பன்களை வழங்கியது. அவை 90 நாள்களில் காலாவதியாகின. 2009 ஜனவரியில் ஒதுக்கிய நிதியும் எல்லையை எட்டவே, விண்ணப்பித்தோர் காத்திருக்க நேர்ந்தது. பெப்ரவரி 17இல் நிகழவிருந்த மாற்றம் ஜூனுக்குப் பின்தள்ளப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பெரும்பான்மையோரின் நன்மையே அளவுகோல் எனின், இக்கணக்கிற் குறையில்லை. பயன் பெற்றோர் பலர், இடருற்றோர் சிலர். எனினும், கூட்டிக் கழித்துக் காணும் மிகுதி இடருற்றோர் கையிற் சேர்வதில்லை. அம்மாற்றத்தை வேண்டியவர்களும் அவர்களல்லர். மேலும், அலைவெளி பொதுச் சொத்தாதலின், அதனை விற்ற பணத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆகவே, அவர்களுக்கு அளிக்கப்படுவது கொடையன்று, கடனாகும். கொடை முந்தியவருக்கே கிட்டலாம். இடையில் தீர்ந்தும் போகலாம். கடனோ, கடைசி மனிதருக்கும் தீர்க்கப்படும்வரை கடனாகவே நிற்கும்.