ஃபோர்வீல் வண்டியும் நாவின் அமானிதமும்



இவ்வேட்டைப் படிப்போரில் பெரும்பாலோர் வியாபாரிகள். வியாபாரத்தைப் பற்றி மார்க்கம் கூறுவதை எழுதப் புகுந்தால், “இதெல்லாம் அறிந்ததுதானே” என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோரும் நம்மில் உண்டு. ஆதலால் இம்முறை மளிகைக் கடையையும் ஜவுளிக் கடையையும் விட்டுவிட்டு, நாம் விற்பவராக அல்லாமல் வாங்குபவராகப் போய் நிற்கும் ஓரிடத்தை எடுத்துக்கொள்கிறோம். அது மோட்டார் வண்டி விற்கும் இடம். அதிலும் மேடு பள்ளம், சேறு சகதி பாராமல் செல்லும் ஃபோர்வீல் வண்டி விற்கும் இடம்.

இவ்வண்டி வியாபாரிக்கு ஆடம்பரம் என்று எண்ணிவிட வேண்டாம். கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள், அங்குள்ள காய்கறித் தோட்டக்காரர்கள் பழைய லேண்ட்ரோவர் வண்டிகளில் கோசையும் தக்காளியையும் ஏற்றி இறக்குவதைக் கண்டிருப்பார்கள். 1948-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்ட அவ்வண்டி, உழவனையும் தோட்டக்காரனையும் மனத்திற் கொண்டு செய்யப்பட்டது. உட்புறக் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் சரக்குக் கொண்டுபோகும் நம் வியாபாரிகளுக்கும் அத்தகைய வண்டி ஒரு தொழிற்கருவியே.

ஆனால் இக்கருவியை விற்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே பெயர், ஒரே உருவம், ஒரே உயரம் உடைய இரண்டு பிக்கப் வண்டிகள் அருகருகே நிற்கும். ஒன்றில் பின் சக்கரங்கள் இரண்டும் மட்டுமே இழுக்கும். மற்றொன்றில் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பல்சக்கரப் பெட்டி ஒன்று கூடுதலாக இருந்து, வேண்டியபோது முன் சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுக்கும். செங்குத்தான ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் ‘லோ’ கியரும் அதற்கு உண்டு. வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. விலையில் வித்தியாசம், சேற்றிலோ மிகப் பெரிய வித்தியாசம்.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், உட்புறக் கம்பங்களுக்கு அரிசி, எண்ணெய், பருப்பு கொண்டு சென்று விற்பவர், இப்படியொரு வண்டி வாங்கப் போனார். விற்பனையாளர் நல்ல பிள்ளை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அன்பர் தாம் போகும் செம்மண் பாதையைப் பற்றிச் சொல்லி, “இது ஏறுமா?” என்று கேட்டார். “தூக்கலான வண்டி, டீசல் எஞ்சின், ஏறாமல் என்ன?” என்றார் பிள்ளை. கைவசம் இருந்த வண்டி அதுதான். மாதம் முடிய இரண்டே நாள் இருந்ததாம். அன்பர் முன்பணம் கட்டிவிட்டார். முதல் பெருமழையில் முழுச் சரக்கோடு ஏற்றத்தின் பாதியில் பின் சக்கரங்கள் வழுக்கிச் சுழல, வண்டி பின்னோக்கி இறங்கிக் கால்வாயில் சாய்ந்தது. இறங்கித் தள்ளிய வேலையாளுக்குக் கணுக்கால் முறிந்தது. திரும்ப வந்து கேட்டபோது கிடைத்த மறுமொழி என்ன தெரியுமா? “ஏறுமா என்று கேட்டீர்கள், நான்கு சக்கரமும் இழுக்குமா என்று கேட்கவில்லையே!”

சகோதரர்களே, இந்த மறுமொழியைச் சற்றே கவனியுங்கள். இதில் நேரான பொய் ஒன்றுகூட இல்லை. காய்ந்த நாளில் அவ்வண்டி அம்மேட்டில் ஏறவே செய்தது. இதைப் பொய் என்று எந்தத் துலாக்கோலில் வைத்து நிறுப்பது?

அந்தத் துலாக்கோலைத்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் நமக்குக் காட்டிச் சென்றார்கள். உணவுத் தானியம் குவித்து வைத்திருந்த ஒருவரிடம் வந்து குவியலுக்குள் திருக்கரத்தை விட்டபோது, விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுவோன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று கடிந்துரைத்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அவ்வியாபாரியும் பொய் சொல்லவில்லை. ஈரம் உண்டா என்று எவரும் அவரைக் கேட்கவுமில்லை. கேளாமலே காட்டவேண்டியதைக் காட்டாதிருந்தார், அவ்வளவுதான். மழை அவர் செய்த குற்றமா? இல்லை. அடியில் வைத்ததே குற்றம்.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் நம்மைப் போன்ற துணி வியாபாரி என்பதை அறிவோம். குறையுள்ள துணி ஒன்றைக் கூட்டாளியிடம் அனுப்பி, வாங்குவோரிடம் குறையைச் சொல்லி விற்கும்படி கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அச்சரக்கின் விலைப்பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களுடைய சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர். மறதிக்கே இப்படி!

பழைய வண்டி விற்கும் இடத்துக்கு வந்தால் இக்கதை இன்னும் நீளும். ஃபோர்வீல் வண்டியின் பிணியெல்லாம் அடிவயிற்றில் இருக்கும். ஆற்றைக் கடந்த வண்டியில் டிஃபரன்ஷியல் எண்ணெயோடு தண்ணீர் கலந்து பால் நிறமாகிவிடும். சேறு ஒட்டிக் கிடந்த சட்டத்தில் துரு அரித்திருக்கும். அதன்மேல் கருப்புச் சாயம் பூசிவிட்டால் புதிதுபோல் பளபளக்கும். மேலே மெழுகு போட்டுத் துடைத்த உடம்பையும் புதுத் தோல் இருக்கையையும் காட்டுகிறவர், குனிந்து அடியைக் காட்டுவாரா? ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பிவைக்கும் கயவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மீட்டர்த் திருட்டு புதியதன்று. அக்காலத்தில் வாகனமும் கறவையும் விற்கும் அரபிகள், ஒட்டகத்தையும் ஆட்டையும் சில நாள் கறக்காமல் விட்டு மடி பெருக்கவைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். வாங்குவோன் மடியைக் கண்டு மயங்குவான். இதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இப்படி ஏமாந்து வாங்கியவனுக்கு மூன்று நாள் வரை, வைத்துக்கொள்ளவும் திருப்பிவிடவும் உரிமை உண்டென்றும், திருப்பினால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுக்க வேண்டுமென்றும் ஹதீஸில் வந்துள்ளது. ஷாபிஈ மத்ஹபினர் இதை அப்படியே சட்டமாகக் கொண்டனர். ஹனபி இமாம்கள் திருப்பும் முறையில் வேறு கருத்துடையவர்கள். ஆயினும் அச்செயல் வஞ்சகம் என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை. பெருத்த மடிக்கும் குறைந்த மீட்டருக்கும் என்ன வேற்றுமை?

“இருந்தபடியே விற்கிறோம், பின்னர் எந்தப் பொறுப்பும் இல்லை” என்று ரசீதில் ஒரு வரி எழுதிவிட்டால் பாவம் கழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நம்மிற் பலர் பின்பற்றும் ஷாபிஈ பிக்ஹில் இத்தகைய நிபந்தனை, விற்பவனுக்கே தெரியாத, உயிர்ப்பிராணியின் உள்ளே மறைந்த குறைக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்பது வலுவான சொல். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வரி கேடயம் ஆகாது. இரும்பு வண்டி உயிர்ப்பிராணியும் அல்லவே!

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். வாங்குபவர் சற்றுத் தயங்கினால், “மாலையில் வேறொருவர் முன்பணத்தோடு வருகிறார்” என்பார்கள். வருகிறவர் இருந்தால் சரி. இல்லாத ஒருவரை வரவழைத்து விலையைத் தாங்கி நிறுத்துவது, நஜ்ஷு என்று மார்க்கம் தடுத்த செயலின் உடன்பிறப்பு. அதற்கு மேல் வல்லாஹி என்று சத்தியமும் வைப்போர் உண்டு. சத்தியம் சரக்கைத் தள்ளிவிடும், பரக்கத்தை அழித்துவிடும் என்ற கருத்தில் நபிமொழி இருப்பதை இவர்கள் அறியாதவர்களா?

உடையைப் பார்த்து மனிதரை எடைபோடுவதும் இவ்விடங்களில் சாதாரணம். கைலியும் கொப்பியாவுமாகப் போன இரும்புக்கடைக்காரர் ஒருவர் அரைமணி நேரம் நின்றும் ஏன் என்று கேட்பாரில்லை. கழுத்துப்பட்டி கட்டி வந்த இளைஞரைச் சுற்றி மூவர். இளைஞர் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கடைக்காரரோ மறு தெருவில் முழுப் பணம் கொடுத்து வண்டி எடுத்தார். கணவனும் மனைவியுமாகப் போனால், பணம் போடுபவர் மனைவியாகவே இருந்தாலும் பேச்செல்லாம் கணவனிடமே நடக்கும். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் வாணிகம் நடத்திய பெருமாட்டி என்று மேடைகளில் முழங்கும் நமக்கும் இதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

விற்பனையாளரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. அவர்களில் பலருக்குச் சம்பளம் சொற்பம், கமிஷனே சோறு. சிலர் அறியாமையாலும் தவறு செய்கிறார்கள். வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்தைப் பூட்டும் வகை வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் பூட்டியபடியே ஓட்டினால், வளைவுகளில் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கிப் பல்சக்கரங்கள் கெடும். இதைச் சொல்லிக்கொடுக்காமலே சாவியை நீட்டியவர், தமக்கே தெரியாமல் நீட்டியிருக்கலாம். வஞ்சகம் வேலை மேசையில் மட்டுந்தான் பிறக்கிறதா? வோக்ஸ்வாகன் என்னும் ஜெர்மானியப் பெருநிறுவனம், புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் ஏற்பாட்டை டீசல் வண்டிகளில் வைத்திருந்தது 2015-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. தூவாரெக் என்னும் அதன் ஃபோர்வீல் வண்டியும் அதில் அடக்கம். அங்கே ஈரத்தை அடியில் வைத்தவர்கள் கற்றறிந்த பொறியியலாளர்கள். தரையில் நின்று விற்ற பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியும்?

வாங்குகிறவர்களும் சுத்தத் தங்கம் அல்லர். பழைய வண்டியை மாற்றிக்கொடுக்கும்போது, அது வெள்ளத்தில் மூழ்கியதைச் சொல்லாதவர் எத்தனை பேர்? மூன்று இடங்களில் முன்பதிவு செய்து, இரண்டு இடங்களில் சொல்லாமல் நின்றுவிடுகிறவர் எத்தனை பேர்? ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் செய்தியை இவர்கள் கேட்கவேண்டும். அவர்களுக்காக ஒரு குதிரை முந்நூறுக்கு விலை பேசப்பட்டது. குதிரையைக் கண்டதும் அதன் மதிப்பு அதிகம் என்று உணர்ந்து, உடையவரிடம் தாமே போய், படிப்படியாக உயர்த்தி எண்ணூறு கொடுத்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத் செய்திருக்கிறேன் என்பது அவர்கள் கூறிய காரணம். அன்றைய வாகனம் குதிரை. வாங்குபவர் விலையை உயர்த்திய வரலாற்றை இன்றைய வாகனக் கடைகளில் சொன்னால் சிரிப்பார்கள்.

உலகச் சட்டம் எதுவரை கைகொடுக்கும் என்பதையும் வியாபாரிகள் அறிந்திருப்பது நலம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள விதியின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். பழைய வண்டிக்கும் இது பொருந்தும். மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றமும் உள்ளன. ஆனால் முற்றிலும் கடை வியாபாரத்துக்கென்றே வாங்கியவரை இவ்விரு நாட்டுச் சட்டங்களும் பயனீட்டாளராகக் கொள்வதில்லை. நம்மவர் பலருக்கு இது தெரியாது. அத்தகையோருக்குத் தீபகற்பத்தில் எஞ்சியிருப்பது 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமே. எந்தக் காரியத்துக்காக வாங்குகிறோம் என்பதை விற்பவனுக்கு அறிவித்து, அவன் திறமையை நம்பி வாங்கியிருந்தால் அது ஓரளவு துணை நிற்கும். ஆகவே எந்தப் பாதை, எவ்வளவு சரக்கு, நான்கு சக்கர இழுவை வேண்டும் என்பதையெல்லாம் முன்பதிவுத் தாளிலேயே எழுதி ஒப்பம் பெறுங்கள்.

இப்போது நம் கடைக்கு வருவோம். நெடுநாள் கிடந்த சாயம் போன துணியைப் புதுத் துணியின் நடுவே மடித்து வைப்பதும், பழைய மிளகாயைப் புதியதோடு கலப்பதும், “கேட்டால் சொல்வோம்” என்று இருப்பதும், அந்த வண்டிக்கடைப் பிள்ளையின் மறுமொழியிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கின்றன? அவரிடம் ஏமாந்தபோது நம்மவருக்குக் கோபம் எரிந்தது. அக்கோபம் நியாயமானதே. நம் கல்லாப்பெட்டியின் எதிர்ப்புறத்தில் நின்று எவரேனும் அதே கோபத்தோடு வீடு திரும்பியிருப்பார்களோ என்று கணக்கு முடிக்கும் இரவில் ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

வண்டி விற்கும் வேலையில் இருக்கும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர், தம் கமிஷன் ஹலாலா என்று நம்மிடம் கேட்டார். விற்றுக்கொடுத்து உழைப்புக்குக் கூலி பெறுவது ஹலால்தான் என்றோம். குறையை மறைத்ததால் முடிந்த விற்பனையின் கமிஷனைப் பற்றிக் கேட்டபோது, வாங்கியவரைத் தேடிப் போய்ச் சொல்லி அவர் உரிமையை அவரிடம் விடுவதைத் தவிர வேறு வழி நமக்குத் தெரியவில்லை என்று கூறினோம். இருவரிடம் போயிருக்கிறார். ஒருவர் திட்டினார், ஒருவர் வண்டியைப் பழுதுபார்க்கும் செலவில் பாதியை வாங்கிக்கொண்டு மன்னித்துவிட்டார். இப்போதும் அதே இடத்தில்தான் வேலை. வருகிறவரிடம் முதலில், “எந்தப் பாதையில் ஓட்டப் போகிறீர்கள்?” என்று கேட்கிறாராம். சிலருக்கு ஃபோர்வீலே வேண்டாம், சாதாரண வேன் போதும் என்று சொல்லியனுப்பியும் விடுகிறார். மாதத்தில் ஒன்றிரண்டு வண்டி குறைகிறது என்றார். திட்டியவர் தம் மைத்துனரை அனுப்பிவைத்ததையும் சொன்னார்.