மரம் சுருங்கும் என்பதை யாரிடம் சொல்கிறார்கள்?

ஒருவரை மதிப்பது என்றால் அவரிடம் இனிமையாகப் பேசுவதா, அவருக்குப் பிடிக்காததையும் சொல்வதா? தத்துவ வகுப்பில் எழ வேண்டிய இந்தக் கேள்வி எனக்கு மரவீட்டுக் கண்காட்சிகளில் எழுந்தது.

அமெரிக்காவில் குளிர்காலத்தில் பெரிய மாநாட்டு அரங்குகளில் இவை நடக்கும். முழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் வீடுகளை விற்பவர்கள் கடை விரித்திருப்பார்கள். மூலைகளைக் கோக்கும் விதத்தைக் காட்ட வெட்டி வைத்த துண்டுகள், சின்ன மாதிரி வீடுகள், அரங்கு முழுக்க பைன் வாசனை. பென்சில்வேனியாவில் வசிக்கும் நானும் கணவரும் இரண்டு வருடங்களில் மூன்று கண்காட்சிகளுக்குப் போனோம். வீட்டுக்கென்று சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல் என் சம்பளம்.

இரண்டாவது கண்காட்சியில் ஒரே கடைக்கு இருவரும் தனித்தனியாக, அரைமணி நேர இடைவெளியில் போனோம். திட்டமிட்டதல்ல, அவர் காபி வாங்கப் போயிருந்தார். திரும்பும் வழியில் காரில் பேசியபோதுதான் வேடிக்கை புரிந்தது. எனக்குச் சொல்லப்பட்டவை: சமையலறைக்குக் காலை வெயில் வரும், கணப்பு அடுப்புக்கு ஆற்றுக்கல் பதிக்கலாம், பேரப்பிள்ளைகள் வந்தால் மாடியில் படுக்கலாம். அவருக்குச் சொல்லப்பட்டவை: மரம் சுருங்கும், மழை அடிக்கும் பக்கம் முதலில் உளுக்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை வெளிச்சுவருக்குப் பூச்சு அடிக்க வேண்டும்.

சுருங்குவது சின்ன விஷயமில்லை. மரம் காயும்போது குறுக்களவில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. படுக்கையாக அடுக்கிய சுவர் ஆகவே மெல்லக் கீழே இறங்கும். பச்சை மரமென்றால் எட்டடிச் சுவர் சில அங்குலம்கூட இறங்கலாம். ஆனால் நிமிர்த்தி நட்ட தூண் அப்படியே நிற்கும். அதனால் தூணுக்கடியில் திருகுத் தாங்கி வைத்து அவ்வப்போது இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஜன்னலுக்கு மேலே இடைவெளி விட்டுத்தான் கட்ட வேண்டும். விடாவிட்டால் சுவரின் பாரம் சட்டத்தில் இறங்கும், ஜன்னல் திறக்காது. காலை வெயில் வரும் என்று எனக்குக் காட்டிய அதே ஜன்னல்.

அந்த விற்பனையாளர் முரடரல்ல. உண்மையில் மிகவும் அன்பானவர், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். சிக்கல் அந்த அன்பில்தான் இருக்கிறது. 1792இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமை குறித்து எழுதிய நூலில், ஆண்கள் பெண்களுக்குச் செய்யும் அற்ப உபசாரங்களே பெண்களைத் தாழ்த்துகின்றன என்று வாதிட்டார். முதலில் படித்தபோது கொஞ்சம் மிகை என்று நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

நம் வீடுகளிலும் இதே கதைதான். வீடு கட்டும்போது கொத்தனார் அஸ்திவாரத்தை அப்பாவிடம் பேசுவார், அம்மாவிடம் “பூஜையறை எந்தப் பக்கம்மா?” என்பார். கடன் ஏறுவதை அவளிடம் சொல்ல மாட்டார்கள். அவள் உடம்பில் வந்த நோயைக்கூட அவளைத் தவிர எல்லோரிடமும் சொல்வார்கள். “பயந்துடுவா, பாவம்.” அந்தப் பாவத்துக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: தாங்க வேண்டியது அவள், தீர்மானிக்க வேண்டியது வேறொருவர். குறைகளை அறியாமல் நான் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அது கைரேகைதான்.

சட்டம் இதில் ஒரு பாதியைச் சரிசெய்தது. பெண் என்பதாலோ மணமானவர், ஆகாதவர் என்பதாலோ கடன் தருவதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1974இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதற்கு முன் சம்பாதிக்கும் மனைவியிடமும் கணவனின் கையெழுத்தைக் கேட்ட வங்கிகள் உண்டு. கடன் கொடுக்கச் சொல்லலாம். கெட்ட செய்தியை யாரிடம் சொல்வது என்று எந்தச் சட்டம் சொல்லும்?

கணவருக்கும் இதில் நஷ்டம் இருக்கிறது. வீட்டில் தினமும் சமைப்பவர் அவர். சமையலறையைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திருகுத் தாங்கி புரியாமலே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார், பாவம்.

மூன்றாவது கண்காட்சியில் விற்பனைக்கு நின்ற ஒரு பெண் தாளை எடுத்து எனக்கு வரைந்து காட்டினார். பலகையில் எழுதியிருக்கும் விலை மரத்தடிகளுக்கும் சில பொருட்களுக்கும் மட்டும்தான். நிலம், அஸ்திவாரம், கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மின்சாரம், கூலி எல்லாம் தனி, மொத்தம் இரண்டு மடங்கைத் தாண்டும் என்றார். அவருக்கும் விற்றால்தான் கமிஷன். சகோதரிப் பாசம் என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன். என்னை வாங்கப்போகிறவளாக நினைத்துப் பேசினார், அவ்வளவுதான். முகம் சுருங்கத்தான் செய்தது எனக்கு. ஆனாலும் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன்.

இன்னும் வாங்கவில்லை. மழைச்சாரல் சுவரில் படாமலிருக்கக் கூரை எத்தனை அடி வெளியே நீள வேண்டும் என்று போன வாரம் அவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.