புகையில்லா வண்டியும் விற்ற எண்ணெயும்

ஒருவர் தமக்கு வேண்டாமென்று விலக்கிய பொருளைப் பிறருக்கு விற்றுப் பிழைக்கலாமா என்னும் வினாவை இந்திய அறமரபுகள் வெகு காலத்துக்கு முன்பே எழுப்பிவிட்டன. பௌத்தம் தன் இல்லறத்தாருக்குக் கள்ளுண்ணாமையை ஐந்து சீலங்களுள் ஒன்றாக விதித்ததோடு நில்லாமல், படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்கலாகாது என்று தனியே ஒரு விதியும் வகுத்தது. குடிக்காமலிருப்பது ஓர் ஒழுக்கம், குடிப்பவருக்கு ஊற்றிக்கொடுத்துப் பொருளீட்டாமலிருப்பது மற்றோர் ஒழுக்கம், முன்னதைக் கடைப்பிடித்ததனால் பின்னது தானே நிறைவேறிவிடாது என்பதே அந்தப் பிரிப்பின் கருத்து. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமோ, தின்பதற்கென்று வாங்குவார் இல்லாவிடில் விலைக்கென்று விற்பாரும் இல்லை என வாதிட்டு, கொலையின் பங்கை உண்பவர் இலையிலும் வைக்கிறது. பெட்ரோல் வண்டி வாங்குவதை ஏறக்குறைய முற்றிலும் நிறுத்திவிட்டும் எண்ணெய் விற்பதை நிறுத்தாமலும் இருக்கும் நார்வே நாட்டின் நிலையை இவ்விரு நெறிகளையும் சேர்த்துவைத்துத்தான் எடைபோட முடியும்.

அந்நாட்டின் மின்சாரக் கார்க் கொள்கை மெய்யாகவே பாராட்டத்தக்கது. 1989-இல் பெல்லோனா என்னும் சுற்றுச்சூழல் அமைப்பின் ஃபிரெடரிக் ஹௌகேயும் அ-ஹா இசைக்குழுவினர் இருவரும் மின்சாரத்தில் ஓடும்படி மாற்றப்பட்ட ஒரு ஃபியட் பாண்டா காரை நாட்டுக்குள் கொண்டுவந்து, புகை கக்காத வண்டிக்குச் சுங்கம் எதற்கு என்று சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டணம் கட்ட மறுத்து ஓட்டினர். வண்டி பறிமுதலாகி ஏலத்துக்குப் போயிற்று. அவர்கள் கேட்டது சிறிது சிறிதாகச் சட்டமாயிற்று. 1990-இல் பதிவு வரியும், 1997-இல் சாலைச் சுங்கமும், 2001-இல் மதிப்புக் கூட்டு வரியும் மின்சாரக் கார்களுக்கு நீக்கப்பட்டன. இங்கே கவனிக்க வேண்டியது, அரசு பெரும்பாலும் கையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கவில்லை, வாங்க வேண்டிய வரியை வாங்காமல் விட்டது என்பதே. அதே வேளையில் பெட்ரோல், டீசல் கார்களின் எடைக்கும் அவை வெளியிடும் கரியமில வாயுவுக்கும் ஏற்பப் பதிவு வரி கடுமையாக்கப்பட்டதால், கடைக்கு வருபவர் கண்ணில் இரு வகைக் கார்களின் விலையும் ஏறக்குறைய ஒன்றாயிற்று. மாசு செய்பவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை இவ்வளவு நேராகக் கார்ச் சந்தையில் செயல்படுத்திய நாடு வேறு இல்லை எனலாம். 2024-இல் அங்கு விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய 89 விழுக்காடு முழு மின்சாரக் கார்கள்.

இக்கொள்கையில் நியாயக் குறை ஒன்று நெடுநாள் இருந்தது. புதிய கார் வாங்குவோர் பொதுவாக வசதி படைத்தவர்களாதலால், விடப்பட்ட வரியின் பயன் அவர்களையே முதலில் சேர்ந்தது. பேருந்திலும் மிதிவண்டியிலும் செல்வோருக்கு அதில் பங்கில்லை. 2023-இல் ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்டதும், எடைக்கேற்ற வரி மின்சாரக் கார்களுக்கும் நீட்டப்பட்டதும் அந்தக் குறையை ஓரளவு சரிசெய்தன.

ஆழமான சிக்கல் கருவூலத்தில் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து நார்வே அரசு சேர்த்துவரும் ஓய்வூதிய நிதியம் உலகின் மிகப் பெரிய அரசு நிதியங்களுள் ஒன்று. எண்ணெய் வருவாயை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஆண்டுதோறும் துண்டு விழும் வரவு செலவுத் திட்டத்தை அந்த நிதியத்திலிருந்து எடுக்கும் பணமே ஈடுகட்டுகிறது. கார் வரியில் வரும் இழப்பை அந்நாடு பெரிய வலியின்றித் தாங்கிக்கொள்ள முடிந்ததற்கு இது ஒரு முதன்மைக் காரணம். வேறுவிதமாகச் சொன்னால், ஓஸ்லோ நகரத் தெருக்களின் தூய காற்றுக்கான விலையில் ஒரு பகுதியை, பிற நாடுகளில் எரியும் நார்வே எண்ணெய் கட்டிவருகிறது.

வடகடலிலுள்ள யோஹான் ஸ்வெர்ட்ரப் எண்ணெய் வயல் இந்த முரணைத் துல்லியமாகக் காட்டுகிறது. 2019-இல் உற்பத்தி தொடங்கிய அவ்வயலின் மேடைகள், எரிவாயுச் சுழலிகளுக்கு மாறாகக் கரையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வழியே வரும் நீர்மின்சாரத்தால் இயங்குகின்றன. அதனால் ஒரு பீப்பாய் எண்ணெயை எடுக்கையில் வெளியாகும் கரியமில வாயு ஒரு கிலோவுக்கும் குறைவு என்கிறார்கள். அதே பீப்பாய் பின்னர் எங்கோ எரிக்கப்படும்போது வெளிவருவது 400 கிலோவுக்கும் மேல். முதற்கணக்கு நார்வேயின் ஏட்டில் ஏறுகிறது. இரண்டாவது, வாங்கிய நாட்டின் ஏட்டில் ஏறுகிறது. எரிபொருள் எந்த மண்ணில் எரிகிறதோ அந்த நாட்டின் பேரில் எழுதுவதென்பது பன்னாட்டுக் காலநிலை ஒப்பந்தங்களின் கணக்கு முறை. ஒரே புகை இருமுறை எண்ணப்படாமலிருக்க அது தேவையான ஏற்பாடுதான். ஆயினும் கணக்கெழுதும் வசதிக்காகப் போட்ட கோட்டை அறப்பொறுப்பின் எல்லையாகக் கொள்வது பெரும்பிழை.

விற்பவர் தரப்பில் வழக்கமாக முன்வைக்கப்படும் வாதம், நாம் விற்காவிட்டால் அடுத்தவர் விற்பார் என்பது. பொருளியல் இதனை முழுதாக ஏற்பதில்லை. ஒருவர் உற்பத்தியைக் குறைத்தால் அதில் ஒரு பகுதியைப் பிறர் நிரப்புவர், விலை சற்று உயர்வதால் மறுபகுதி நுகரப்படாமலே போகும். அறவியல் நோக்கிலோ இவ்வாதம் நஞ்சு விற்பவர் எவரையும் விடுவித்துவிடக்கூடியது என்பதே அதன் குற்றம். மேலும் நார்வே அரசு தானே இதனைப் பிறிதோரிடத்தில் நிராகரித்திருக்கிறது. 2004-இல் அமைந்த அதன் நிதியத்துக்கான அறநெறிக் குழு, தீங்கு செய்யும் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பதே அத்தீங்குக்கு உடந்தையாகலாம் என்னும் அடிப்படையில் இயங்கிவந்துள்ளது. புகையிலை உற்பத்தியாளர்கள் 2010-இல் நிதியத்திலிருந்து விலக்கப்பட்டனர். நார்வே விற்றுவிடும் பங்கை மறுநாளே வேறொருவர் வாங்கிக்கொள்வார் என்பது தெரிந்தும் அவ்வாறு செய்யப்பட்டது. பங்குக்குப் பொருந்தும் நெறி பீப்பாய்க்கு ஏன் பொருந்தாது என்பதற்கு நிறைவான விடை இன்னும் சொல்லப்படவில்லை.

உடனடியாகக் குழாயை மூடிவிட வேண்டும் என்பது இதன் முடிவாகாது. 2022-க்குப் பின் ரஷ்ய எரிவாயு குறைந்தபோது ஐரோப்பாவுக்கு மிகுதியாக எரிவாயு அளித்தது நார்வேதான். அது நின்றிருந்தால் குளிரில் முதலில் வாடியிருப்போர் ஏழைகளே. ஆனால் இருக்கும் வயலிலிருந்து தேவைக்கு அளிப்பதும், இன்னும் பல பத்தாண்டுகளுக்கு விற்கும் நோக்கத்தோடு புதிய வயல்களைத் திறப்பதும் ஒன்றல்ல.

நார்வேயின் மெய்யியலாளர் ஆர்னே நெஸ் 1973-இல் எழுதிய கட்டுரையொன்றில், மாசையும் வளக்குறைவையும் மட்டும் எதிர்த்து, வளர்ந்த நாட்டு மக்களின் நலத்தையும் வசதியையும் காப்பதையே இலக்காகக் கொண்ட சூழலியலை மேலோட்டமானது என்றும், மனிதர் இயற்கையோடு கொண்ட உறவையே மறு ஆய்வுக்கு உட்படுத்துவதை ஆழமானது என்றும் பிரித்தார். காந்தியத்தில் தோய்ந்த அவர், 1970-இல் மார்தோலா அருவியின் நீரை மின்னிலையத்துக்குத் திருப்புவதற்கு எதிரான அறவழி மறியலில் தாமும் உட்கார்ந்து, காவலரால் தூக்கிச் செல்லப்பட்டார். மறியல் தோற்றது, இன்று அந்த அருவியில் கோடைச் சுற்றுலாப் பருவத்தில் மட்டுமே நீர் திறந்துவிடப்படுகிறது. நீர்மின்சாரத்தில் ஓடும் காரின் தூய்மைக்கும் உள்நாட்டிலேயே ஒரு விலை உண்டு என்பதை, அத்தகைய கார்கள் வருமுன்பே கண்டவர் நெஸ். காரை மாற்றி வாழ்க்கையை மாற்றாதிருப்பதை அவருடைய பகுப்பு எந்தப் பக்கத்தில் வைக்கும் என்பதில் ஐயமில்லை.

பௌத்தம் விற்பவர்மீது சுமத்திய கேள்வி அண்மையில் நீதிமன்ற மொழியில் மீண்டும் எழுந்துள்ளது. 2024 ஜனவரியில் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம், எடுக்கப்படும் எண்ணெய் எரிவதால் வரும் புகையை மதிப்பிடாமல் மூன்று கடல் வயல்களுக்கு அளித்த ஒப்புதல்கள் செல்லாது என்றது. அரசின் மேல்முறையீட்டின்போது கருத்துக் கேட்கப்பட்ட எஃப்டா நீதிமன்றம், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவற்றுக்கு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிச் சட்டத்தை விளக்கும் மன்றம், 2025 மே மாதத்தில், விற்ற எண்ணெயை வேறு யாரோ வேறு எங்கோ எரித்தாலும் அந்தப் புகை எண்ணெய் எடுக்கும் திட்டத்தின் விளைவே, ஆகவே ஒப்புதல் வழங்குமுன் அது மதிப்பிடப்பட வேண்டும் என்று கருத்துரைத்தது.