வாயிலின் உட்புறம்

1945 ஏப்ரல் 16 இல், வைமார் நகரத்தார் ஏறத்தாழ ஆயிரம் பேரை அமெரிக்கப் படையினர் புகென்வால்ட் வதைமுகாமினூடே நடக்கச் செய்தனர். அங்கு மாண்டோர் ஏறத்தாழ 56,000. நகரமோ ஐந்தாறு மைல் தொலைவில். எனினும் 'நாம் அறியோம்' என்றனர் பலர்.

இன்று அவ்விடத்தில் ஜேர்மன் மாணவர் குழுக்கள் வழிகாட்டியோடு நடக்கின்றன. பேரனும் குற்றவாளியோ? அல்லன்; குற்றம் முதுசமன்று. அவனை நாணவைப்பதற்கே நடத்துவது கல்வியாகாது, தண்டனையாகும்.

பின் எதற்காக நடத்தல் வேண்டும்? முகாமின் இரும்பு வாயிலில் 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு' என்றுள்ளது. உரோமச் சட்டவறிஞர் நீதிக்கு வகுத்த இலக்கணம் அது. மெய்யியல் வகுப்பில் நாமும் மனனஞ் செய்ததுதான். நீதியின் சொல்லைக் கொண்டே நீதியைக் கொல்லலாம் என்பதை நூலும் கூறும். ஆயின் அவ்வெழுத்துக்கள் உள்ளிருந்த கைதிகள் வாசிக்குமாறு உட்புறம் நோக்கியவை. வாயிலைக் கடந்து, திரும்பி நின்றாலன்றி அவை நேராகத் தெரியா.