இரண்டு கத்தி, ஒரு காப்பிக் குடுவை

கடை முகப்பில் சிலுவை இருக்கிறதா, பிறை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடிஸ் அபாபாவில் கறி வாங்குவார்கள். ஆடு ஒரே சந்தையிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் ஒன்று பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி அறுக்கப்பட்டது. மற்றொன்று மக்காவை நோக்கிப் படுக்கவைத்து, பிஸ்மில்லா சொல்லி அறுக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவை இரண்டும் ஒரே கறி ஆகா. வேதம் அருளப்பட்ட பிற சமூகத்தாரின் உணவு முஸ்லிம்களுக்கு ஆகுமானது என்று குர்ஆனிலேயே அனுமதி உண்டு. எத்தியோப்பிய வழக்கத்தில் அந்த அனுமதி எடுபடுவதில்லை. கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம் உண்ணமாட்டார். முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவரும் உண்ணமாட்டார்.

2007ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி அந்நாட்டில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் சுமார் 43.5 விழுக்காடு, முஸ்லிம்கள் சுமார் 34 விழுக்காடு. ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே கிணற்றில் நீர் எடுத்து, கறியில் மட்டும் கோடு போட்டுக்கொண்டு இவர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள். ஆப்பிரிக்கப் பயணக் கட்டுரைகளோ ஒரே தட்டைச் சுற்றிப் பல கைகள் நீளும் படத்தைப் போட்டு, இதுதான் அக்கண்டத்தின் உள்ளம் என்று எழுதிவிடுகின்றன. அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் தட்டைச் சுற்றி உட்காராதவர்கள் யார் என்பதை அது சொல்வதில்லை. உடன் உண்ணாதவர்கள் உடன் வாழ்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வியோடு எத்தியோப்பியாவுக்குப் போகிறவரை முதலில் எதிர்கொள்வது நோன்பு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் புதனும் வெள்ளியும் விரத நாட்கள். ஈஸ்டருக்குப் பிந்தைய ஐம்பது நாட்களுக்கு மட்டும் இதில் விலக்கு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் 55 நாட்கள். எல்லாம் கூட்டினால் சாதாரணக் குடும்பத்தினருக்கு ஆண்டில் சுமார் 180 நாட்களும், துறவிகளுக்கும் குருமாருக்கும் 250 நாட்கள் வரையிலும் வருகின்றன. அந்த நாட்களில் கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. கண்டிப்பாக இருப்பவர்கள் பிற்பகல் வரை தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். தவக்காலத்தில் சிலுவை போட்ட கறிக்கடைகள் பலவும் மூடியே கிடக்கும்.

ஆனால் இந்த விரதத்திலிருந்துதான் நாட்டின் அருமையான சமையல் ஒன்று பிறந்திருக்கிறது. டெஃப் என்னும் பொடித் தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து அகன்ற கல்லில் ஊற்றுகிறார்கள். ஆப்பத்தைப் போல ஒரு பக்கம் மட்டும் வெந்து, மேலே கண் கண்ணாய் விரியும் அதன் பெயர் இன்ஜெரா. அதன்மேல் கடலைமாவுக் குழம்பான ஷிரோ, பெர்பெரே மிளகாய்ப்பொடி சேர்த்த மைசூர்ப் பருப்பு, மஞ்சள் நிறப் பட்டாணிப் பருப்பு, கீரை, பீட்ரூட் என்று சிறு சிறு குவியல்கள். புதன்கிழமை எந்த உணவகத்தில் நுழைந்தாலும் இந்த நோன்புத் தட்டு கிடைக்கும். முஸ்லிமும் இதை உண்ணலாம், சைவரும் உண்ணலாம். கிறிஸ்தவரைத் தம் இறைவனுக்காக ஒடுங்கச் சொல்லும் நாள், கத்தி போட்ட கோட்டை அன்றைக்கு மட்டும் தட்டிலிருந்து அழித்துவிடுகிறது. திருச்சபை இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. பருப்பை யாரும் யார் பெயராலும் அறுப்பதில்லை, அவ்வளவுதான்.

உணவின் கோடுகளை வெறும் பிரிவினையாகப் பார்க்கக் கூடாது என்று விரிவாக வாதிட்டவர் டாம் பாய்ல்ஸ்டன் என்ற மானுடவியலாளர். தானா ஏரிக்கரையில் உள்ள ஸெகே தீபகற்பத்தில் தங்கி அவர் எழுதிய ஆய்வு நூல் 2018இல் வெளிவந்தது. பஹிர் தார் நகரிலிருந்து படகேறி ஓவியங்கள் நிறைந்த மடாலயங்களைப் பார்க்கப் பயணிகள் போகும் இடம்தான் அது. புனிதர் ஒருவருடன் செய்த உடன்படிக்கை என்று நம்பி அங்கே நிலத்தை உழுவதில்லை. அதனால் காடு அழியாமல் நிற்கிறது, காட்டுக்குள் காப்பி விளைகிறது. எதைச் செய்யலாகாது, எப்போது உண்ணலாகாது என்பதைச் சுற்றித்தான் அங்கே மனிதருக்கும் கடவுளுக்கும் இடையிலான உறவு கட்டப்பட்டிருக்கிறது என்று பாய்ல்ஸ்டன் காட்டுகிறார். அந்த விலக்குகளை எடுத்துவிட்டால் உறவின் வடிவமே குலைந்துவிடும்.

கடவுளோடு சரி, அண்டை வீட்டாரோடு? அதற்கு எத்தியோப்பியக் கல்யாண வீட்டைப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவ வீட்டுத் திருமணத்துக்கு முஸ்லிம் அண்டை வீட்டார் வருகிறார்கள் என்றால், அவர்களுக்கென்று தனியாக ஓர் ஆடோ மாடோ வாங்கி, அறுப்பதற்கு ஒரு முஸ்லிமையே அழைத்து, தனி அடுப்பில் தனிப் பாத்திரத்தில் சமைப்பார்கள். முஸ்லிம் வீட்டு விருந்திலும் அப்படியே. தேனைப் புளிக்கவைத்து, கெஷோ இலை சேர்த்து எடுக்கும் தெஜ் மது கிறிஸ்தவப் பந்தியில் ஓடும்போது, மது விலக்கியவர்களுக்குப் புளிக்காத தேன்நீரான பிர்ஸ் வரும்.

இங்கே நடப்பது என்ன? விருந்தினரின் விலக்கு விருந்து கொடுப்பவரின் வேலையாகிவிடுகிறது. ‘உங்கள் சட்டத்தை இன்றைக்கு விட்டுவிட்டு எங்களோடு உட்காருங்கள்’ என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றித் தருவதற்கான செலவையும் வீட்டுக்காரரே ஏற்கிறார். நபிகள் நாயகத்தின் தோழர்கள் மக்காவின் கொடுமை தாங்காமல் கி.பி. 615 வாக்கில் செங்கடலைத் தாண்டி வந்தபோது, அன்றைய எத்தியோப்பிய அரசான அக்சுமின் கிறிஸ்தவ மன்னர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பது இஸ்லாமிய மரபு. அவர்களை மதம் மாறச் சொன்னதாக அந்த மரபில் எங்கும் இல்லை.

இப்போது ஒன்றாக அமர்ந்து பருகும் காப்பியும் ஒருகாலத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததுதான். முஸ்லிம்களும் ஒரோமோ மக்களும் குடிப்பது என்று சொல்லித் திருச்சபை நெடுங்காலம் அதை விலக்கிவைத்திருந்தது. பேரரசர் மெனெலிக் தாமே குடிக்கத் தொடங்கியதும், குருமாரின் தயக்கத்தை ஆயர் மத்தேவோஸ் போக்கியதும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் விலக்கைத் தளர்த்தின. இன்று எந்த மதத்தார் வீட்டிலும் பச்சைக் கொட்டையைக் கழுவி, வாணலியில் வறுத்து, புகையை விருந்தினர் பக்கம் விசிறி, இடித்து, ஜெபெனா என்னும் மண்குடுவையில் கொதிக்கவைக்கிறார்கள். கைப்பிடி இல்லாத சிறு கோப்பையில் மூன்று சுற்று. மூன்றாவதற்குப் பெயர் பெரெக்கா, அதாவது ஆசி. எழுந்து போக நினைப்பவரை அந்தப் பெயரே உட்காரவைத்துவிடும். அவசரக்காரர்களுக்கு அடிஸ் அபாபாவில் 1953 முதல் இயங்கும் தொமோக்கா கடை இருக்கிறது. அங்கே நின்றுகொண்டே குடிக்கலாம்.

கிழக்கே ஹரார் போனால் கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது. 82 பள்ளிவாசல்கள் கொண்ட அந்த மதில் நகரத்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 1855இல் ரிச்சர்ட் பர்ட்டன் உள்ளே போகும்வரை அது ஐரோப்பியர் நுழையாத ஊர். ஆனால் கழுதைப்புலிகள் இரவில் வந்துபோக மதிலிலேயே துவாரங்கள் உண்டு. ஆஷுரா நாளில் அவற்றுக்கு வெண்ணெய் விட்ட கஞ்சி வைத்து, அவை உண்ணும் அளவைப் பார்த்து ஆண்டின் பலன் கணிப்பது மரபு. மதிலுக்கு வெளியே இரவில் கழுதைப்புலிக்குக் கறித்துண்டு ஊட்டுவதை இன்று பயணிகள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். பார்த்துத் திரும்பும்போது ஒரு சங்கடமான எண்ணம் வரக்கூடும். ஊட்டுவது வேறு, உடன் உண்பது வேறு. சமமாக நினைக்காத உயிருக்கும் ஒருவர் தாராளமாக உணவு வைக்க முடியும்.

தென்மேற்கில் உள்ள காஃபாவில் அந்த எண்ணம் மனிதர்கள்மேல் வந்து விழுகிறது. காப்பிச் செடி காட்டில் தானாக வளரும் மலைநாடு அது. 2010இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. போங்கா நகரில் தேசியக் காப்பி அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மலைநாட்டில் மஞ்ஜோ என்ற சிறுபான்மையினர் வாழ்கிறார்கள். முன்பு வேட்டையாடியவர்கள், இன்று விறகும் கரியும் விற்றுப் பிழைப்பவர்கள் பலர். குரங்கும் காட்டுப்பன்றியும் தின்பவர்கள், தூய்மையற்றவர்கள் என்று சொல்லிப் பெரும்பான்மையினரான காஃபா மக்கள் அவர்களை வீட்டுக்குள் விடுவதில்லை, உடன் உண்பதில்லை, தங்கள் குவளையில் குடிக்கவிடுவதில்லை. இதை ஜப்பானிய மானுடவியலாளர் சயூரி யோஷிதா போன்றவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கறியை விட்டுவிட்ட மஞ்ஜோ உண்டு. தேவாலயத்தில் சேர்ந்தவர்களும் நிறைய. ஆனாலும் விலக்கு முற்றாக நீங்கவில்லை.

கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. கல்யாண வீட்டின் கோடு இருபுறமும் ஒரே உயரம்: நான் உன் கறியை உண்ணமாட்டேன், நீ என் கறியை உண்ணமாட்டாய், இருவருக்கும் அடுப்பு எரியும். காஃபாவின் கோடு ஒருபுறம் மட்டும் தாழ்ந்தது. மஞ்ஜோவுக்காக யாரும் தனி ஆடு வாங்கியதில்லை. அது கறியைப் பற்றிய கோடாக இருந்திருந்தால், கறியை விட்ட அன்றே அழிந்திருக்க வேண்டும். உடன் உண்ணாமை தன்னளவில் அவமதிப்பும் இல்லை, பக்தியும் இல்லை. கோட்டின் செலவை யார் சுமக்கிறார்கள் என்று பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

‘நோன்பா?’ என்று உணவகத்தில் கேட்கும்போது, ‘எதுவானாலும் சரி’ என்று சொல்கிற பயணிக்குத் தான் எல்லாக் கோடுகளையும் கடந்தவன் என்ற நினைப்பு எளிதில் வரும். அவருக்காக யாரும் எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆனால் எதையும் விலக்காதவரிடம் மரியாதை காட்டுவதற்கான வாய்ப்பும் விருந்து கொடுப்பவருக்குக் குறைகிறது. சைவர் ஒருவர் தயங்கித் தயங்கித் தன் விலக்கைச் சொல்லும்போது, அதற்குள் சமையலறை சுறுசுறுப்பாகிவிடுவது அங்கே வழக்கமான காட்சி. நோன்பைப் பழகிய நாட்டுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

வடக்கே வொல்லோ பகுதியில் இரு மதத்தாரும் மணவுறவு கொள்வது நெடுநாள் வழக்கம். ஒரே குடும்பத்தில் சிலுவையும் பிறையும் இருக்கும். அண்மைப் பத்தாண்டுகளில் இரு மதங்களிலுமே சீர்திருத்தக் குரல்கள் கோடுகளைத் தெளிவாகப் போடச் சொல்கின்றன. அதனால் மட்டும் விருந்து கெட்டுவிடாது. கோடு கறாராக இருந்த ஊர்களிலும் இரண்டாவது அடுப்பு எரிந்திருக்கிறது. ஆனால் இரண்டாவது ஆட்டை வாங்குவதா, அண்டை வீட்டாரை அழைக்காமலே விடுவதா என்பதைத் திருச்சபையும் பள்ளிவாசலும் தீர்த்துவைக்க முடியாது. அதை ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்பும் வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்தாக வேண்டும்.